மூன்றாவது அடியில் நின்ற பாட்டு

இது நடந்தது. என் கண்ணால் பார்த்தேன், என் காதால் கேட்டேன். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக்கல் தேடுகிற எவனைப் பிடித்து உட்கார வைத்தாலும் ஒரு பேய்க் கதை சொல்வான். பாதி சாராயம், பாதி பொய். நானே இரண்டு மூன்று கதை அவிழ்த்து விட்டிருக்கிறேன். இது அந்த வகை இல்லை. ஓடையில் வேலிக் கம்பு நட்டுவிட்டால், அதைப் பிடுங்கும் நாள் வரை எங்கள் கூட்டத்தில் யாரும் குடிப்பதில்லை. அன்று என் வயிற்றில் மரவள்ளிக் கிழங்கும் வெறும் தேத்தண்ணீரும்தான். நம்பாதவர்கள் மார்ட்டினைக் கேளுங்கள். அவன் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அதை முதலில் சொன்னால் எனக்கே தொடர்ந்து சொல்லத் தைரியம் வராது.

என் பெயர் லீலரத்ன. நாங்கள் நான்கு பேர். நான், என் மனைவி ஹேமாவின் அண்ணன் பொடிநிலமே, மார்ட்டின், மார்ட்டினின் தம்பி ஜயலத். மழை குறைந்த மாதங்களில் காட்டுக்குள் ஏறி, கலுகல் ஓடையின் குறுக்கே கம்பு நட்டு வேலி போடுவோம். நீளப் பிடி போட்ட மண்வெட்டியால் ஓடையின் அடியில் கிடக்கும் சரளையை இழுத்து இழுத்து வேலியோடு சேர்ப்போம். மணலை ஓடை கொண்டு போய்விடும். சரளை மிஞ்சும். அதை அள்ளிக் கரையில் குவித்து வைப்போம். போதும் என்று தோன்றும்போது கழுவ ஆரம்பிப்போம்.

கழுவுவது எல்லாருக்கும் வராது. கூடையை இடுப்பளவு தண்ணீரில் வைத்துச் சுழற்றினால், லேசான கற்கள் விளிம்பு தாண்டித் தெறித்துப் போகும். கனமானவை நடுவில் தங்கும். நீலமோ புஷ்பராகமோ கோமேதகமோ, இருந்தால் அந்த நடுவில்தான் இருக்கும். எங்களில் பொடிநிலமேதான் கழுவுவார். "நிலமே அண்ணன் கூடையச் சுத்துனா தண்ணிக்கே தூக்கம் வரும்" என்று மார்ட்டின் கிண்டல் செய்வான். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். என் கல்யாணத்துக்கு ஹேமாவின் கையைப் பிடித்து என்னிடம் கொடுத்தவர் அவர்தான், அவர்களுடைய அப்பா அப்போது உயிரோடு இல்லை.

கழுவுகிறவன் கையில்தான் எல்லாருடைய பங்கும் இருக்கிறது. கூடையில் வந்த கல்லை அவன் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அதனால் எங்கள் ஓடையில் ஒரு வழக்கம் உண்டு. கழுவுகிறவன் பாடிக்கொண்டேதான் கழுவ வேண்டும். இரண்டு கையும் கூடையில், வாயில் பாட்டு. எச்சில் துப்பவோ மூச்சு வாங்கவோ வேண்டுமென்றால் "நிறுத்துறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். சொல்லாமல் பாட்டு நின்றால் மற்றவர்கள் அவன் வாயைப் பார்ப்பார்கள். இதில் யாருக்கும் கோபம் கிடையாது. எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

பொடிநிலமே எப்போதும் பாடுவது ஒரே பாட்டு.

மலைமேலே சமன்சாமி பார்த்திருக்கான்
மடியிலே நீலத்த மறைச்சிருக்கான்
கேட்டவன் கையிலே குடுக்க மாட்டான்
கேக்காதவன் வாசலிலே வெச்சிருப்பான்

நாலு அடி. ஒரு பாட்டுக்கு ஒரு கூடை. ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். தூக்கத்திலும் சொல்வேன்.

போன மார்ச் மாதம். அந்த வருடம் மழை சீக்கிரம் வரும்போல இருந்தது. மதியத்துக்கு மேல் சிவனொளிபாதமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வெள்ளம் வந்தால் கரையில் குவித்த சரளை மொத்தமும் போய்விடும். அத்தனை வார உழைப்பு. இந்த முறை நல்லது ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் ஓடைக்கு வருவதில்லை என்று நான் ஹேமாவிடம் சொல்லியிருந்தேன். எல்லாருக்கும் அவசரம். எனக்கு அவசரத்தோடு எரிச்சலும் சேர்ந்திருந்தது.

பொடிநிலமே மடுவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கழுவிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு மேலே பாறையில் உட்கார்ந்திருந்தேன். கழுவி எடுத்த சின்னக் கற்களைப் போட்டு வைக்கும் தேங்காய்ச் சிரட்டை என் காலருகில் இருந்தது. வெயில் கொஞ்ச நேரம் மேகத்திலிருந்து வெளியே வந்தது. அப்போது அவர் கூடைக்குள் ஒரு நீலம் மின்னியது. சுண்டு விரல் நகம் அளவு இருக்கும். நான் கண்ணைக் கசக்கவில்லை. நிச்சயமாகப் பார்த்தேன்.

"கேட்டவன் கையிலே குடுக்க மாட்டான்..."

பாட்டு நின்றது.

மணி இரண்டு பத்து. போனில் பார்த்தேன், ஏனென்று தெரியாது. காட்டுக்குள் சிக்னல் இல்லை, போன் எங்களுக்குக் கடிகாரமும் டார்ச்சும்தான்.

நாலாவது அடி வரவில்லை. அவர் கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. வாய் இறுக மூடியிருந்தது. இடது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, இடது தாடையில் வைத்து அழுத்திக்கொண்டார். கன்னத்துக்குள் எதையோ ஒதுக்கிப் பிடித்திருப்பவன் அப்படித்தான் அழுத்துவான். எனக்கு அப்படித்தான் பட்டது.

"என்ன மச்சான், பாட்டு நின்னுடுச்சு?"

அவர் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மச்சான்."

"தாடை வலிக்குது" என்றார், பல்லைத் திறக்காமலே. "பல்லு போல."

"நீலம் வந்த நேரம் பாத்து பல்லு வலிக்குதா?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்ற மார்ட்டின் நிமிர்ந்தான். "லீலே, விடு."

"நான் பாத்தேன்டா. கூடையில இருந்துச்சு. இப்ப இல்ல." நான் பாறையிலிருந்து இறங்கினேன். "வாயத் திறங்க மச்சான்."

அவர் என்னைப் பார்த்தார். "நான் ஹேமாவோட அண்ணன்டா."

"அதனாலதான் மரியாதையா கேக்குறேன். திறங்க."

திறந்தார். "ஆ..." என்று சின்னப் பிள்ளை வைத்தியரிடம் காட்டுவது போலக் காட்டினார். நாக்கைத் தூக்கினார். விரலால் இந்தக் கன்னத்தை இழுத்தார், அந்தக் கன்னத்தை இழுத்தார். நான் பட்டப்பகலில் போன் டார்ச்சைப் போட்டு அவர் வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். வெற்றிலைக் கறை படிந்த நாக்கு. கீழே இரண்டு பல் இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

"நல்லா பாத்தியா?" என்றார்.

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. மன்னிச்சிடுங்க என்றுகூடச் சேர்த்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "அப்ப கல்லு எங்க போச்சு?"

அவர் கரையேறினார். கூடையைத் தரையில் கவிழ்த்து வைத்தார். எங்கள் பக்கத்தில் கழுவுகிறவன் கூடையைக் கவிழ்த்தால், இனி உங்களுக்குக் கழுவமாட்டேன் என்று அர்த்தம். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போகும் பாதையில் நடந்தார். மெதுவாக, ஒவ்வொரு மரத்தையும் பிடித்துப் பிடித்து. என் மேல் பழி போட நடிக்கிறார் என்று நினைத்தேன். இதைச் சொல்லும்போது என் கையை நானே கடிக்கத் தோன்றுகிறது.

"அந்த மனுசன் முகத்துல ரத்தமே இல்ல" என்றான் மார்ட்டின்.

"பசிச்சா வருவாரு."

"உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிரும்."

அதற்குப் பிறகு நான் என் கூடையை எடுத்துக்கொண்டு மடுவில் இறங்கினேன். வீம்பு. நான் சுழற்றினால் கனமான கல்லும் சேர்ந்து வெளியே தெறித்தது. நாலு மணிக்கு விட்டுவிட்டேன். பாதிக் குவியல் அப்படியே கிடந்தது. இடி நெருங்கிக்கொண்டு வந்தது. ஐந்து மணிக்கு மார்ட்டினும் ஜயலத்தும் குவியலை மூட ஒரு படங்கும் இரவுச் சாப்பாடும் கொண்டுவர ஊருக்குக் கிளம்பினார்கள்.

"மார்ட்டின்" என்றேன். "மச்சான் வீட்டுப் பக்கம் போய் ஒரு வார்த்தை சொல்லிடு. காலைல வெத்தல கொண்டாந்து கும்பிடுறேன்னு."

எங்களில் மூத்தவரிடம் மன்னிப்புக் கேட்பதென்றால், வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் கொடுத்து விழுந்து கும்பிட வேண்டும். அவர் வெற்றிலையை வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது.

"நீயே வந்து சொல்லேன்."

"குவியல யாரு பாத்துக்குவா?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான். குவியலை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

நான் தனியாக இருந்தேன்.

ஆறு மணி ஐந்து நிமிடம். தினமும் அந்த நேரத்தில் பாறை இடுக்கில் எங்கள் மலைத் தெய்வம் சமன் சாமிக்கு ஒரு விளக்கு வைப்போம். தீக்குச்சி கிழித்தேன். எரிந்தது. திரியருகே கொண்டு போனதும் அணைந்தது. காற்று இல்லை. ஒரு இலை அசையவில்லை. இன்னொன்று கிழித்தேன். அதுவும் அப்படியே. திரி நனைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டேன்.

சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. எங்கள் காட்டில் அந்த நேரத்தில் அது காதைத் துளைக்கும்.

ஆறு இருபதுக்கு எல்லாம் ஒன்றாக நின்றது.

அப்புறம் கேட்டது. சளப்... சளப்... சளப்...

கூடை சுற்றும் சத்தம். எனக்குத் தெரிந்த கை. ஒரே சீராக, அவசரமில்லாமல். மடுவின் எதிர்ப்பக்கம், பாறை நிழலில், இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஆள் குனிந்திருந்தார்.

பொடிநிலமே.

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. மார்ட்டின் சொல்லியிருப்பான், மனிதர் மனம் இளகி வந்துவிட்டார் என்று நினைத்தேன். கவிழ்த்த கூடையை மறுபடி எடுத்துவிட்டார் என்றால் கோபம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

"வந்துட்டீங்களா மச்சான்" என்றேன்.

நிமிரவில்லை.

"நான் பேசினது தப்புதான். காலைல வீட்டுக்கே வரேன், ஹேமாவையும் கூட்டிட்டு வரேன். வெத்தலையோட வரேன்."

சளப்... சளப்...

பாடத் தொடங்கினார்.

"மலைமேலே சமன்சாமி பார்த்திருக்கான்... மடியிலே நீலத்த மறைச்சிருக்கான்... கேட்டவன் கையிலே குடுக்க மாட்டான்..."

நின்றது.

மூன்றாவது அடியில்.

நாலாவது அடி வர வேண்டிய இடத்தில், இருட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஆ..."

நான் சிரித்துவிட்டேன். மதியம் நடந்ததை வைத்து என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "சரி சரி, போதும் மச்சான். மானத்த வாங்காதீங்க" என்றேன்.

மறுபடி முதலிலிருந்து. ஒன்றாவது அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடி.

"ஆ..."

மணி ஆறு நாற்பத்தொன்று.

இரண்டு மூன்று தடவைக்குப் பிறகுதான் எனக்கு ஏதோ இடித்தது. கூடை சுற்றும் சத்தம் இருக்கிறது. ஆனால் கல் தெறிக்கும் சத்தம் இல்லை. கூடையில் சரளை இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து இருபது கல் தண்ணீரில் விழ வேண்டும். டுப் டுப் என்று விழும். அது இல்லை. தண்ணீர் மட்டும்தான்.

அப்புறம் இன்னொன்று. ஊரிலிருந்து மடுவுக்கு வரும் பாதை ஒன்றுதான். அது நான் உட்கார்ந்திருந்த பாறைக்கு முன்னால்தான் இறங்குகிறது. நான் ஐந்து மணியிலிருந்து அங்கேயேதான் இருந்தேன்.

அவர் எந்தப் பக்கமாக வந்தார்?

எழுந்து நிற்கலாம் என்று தரையில் கையை ஊன்றினேன். கைக்குக் கீழே பிரம்பு தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தேன். வளைந்த விளிம்பு. ஒரு இடத்தில் பிய்ந்து, நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. அந்தக் கயிற்றை நான்தான் போன வாரம் கட்டினேன்.

பொடிநிலமேயின் கூடை.

மதியம் அவர் கவிழ்த்து வைத்த இடத்தில், கவிழ்த்து வைத்தபடியே, என் கைக்குக் கீழே இருந்தது.

சளப்... சளப்... சளப்...

என் கூடை, நாங்கள் தங்கும் குடிசையான வாடியில் மாட்டியிருந்தது. மூன்றாவது கூடை எங்களிடம் கிடையாது.

போனை எடுத்தேன். டார்ச் எரிந்தது. மடுவுக்கு நேராக அடித்தேன்.

கையில் கூடை இல்லை. வெறும் கைகள் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தன.

மெல்ல நிமிர்ந்தார்.

வாய் திறந்திருந்தது.

நாக்கு மேலே தூக்கியிருந்தது. ஒரு விரல் இடது கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தது. மதியம் காட்டியது போலவே. அதே மாதிரி. டார்ச் வெளிச்சம் நேராக உள்ளே போனது. வெற்றிலைக் கறை. கீழே இரண்டு பல் இல்லை.

கண்ணில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நல்லா பாரு என்று கெஞ்சுகிற கண்.

"பாத்தேன் மச்சான்" என்றேன். "ஒண்ணும் இல்ல. மூடுங்க."

மூடவில்லை.

"ஆ..."

ஒரு அடி நெருங்கியிருந்தார். தண்ணீர் அசையவில்லை.

"ஒண்ணும் இல்ல மச்சான்... நான் பாத்துட்டேன்..."

இன்னும் ஒரு அடி.

"ஆ..."

கரைக்கு வந்துவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை.

என் முகத்துக்கு நேராக...

அந்த வாய்.

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். லாந்தர் வெளிச்சம். மார்ட்டின். மணி ஏழு நாற்பது. படங்கும் இல்லை, சாப்பாடும் இல்லை. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்துப் பயந்தவன் மாதிரி ஒரு எட்டுத் தள்ளி நின்றான்.

"லீலே... நிலமே அண்ணன் போயிட்டாரு."

"எங்க போனாரு? இப்ப இங்கதானே..."

"செத்துட்டாருடா."

மேலே பாதையில், நாக மரத்தடியில் கிடந்தாராம். ரப்பர் பால் எடுத்துக்கொண்டு போன ஒரு பெண் மூன்றரை மணிக்குப் பார்த்திருக்கிறாள். அப்போதே உடம்பு சில்லிட்டிருந்ததாம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னாராம். சிலருக்கு வலி முதலில் இடது தாடையில்தான் தெரியும், பல் வலி என்று நினைத்து விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னாராம்.

பாட்டு நின்றது அதனால். கூடை சாய்ந்தது அதனால். வாயை இறுக்கியது அதனால். இறந்துகொண்டிருந்த மனிதனின் வாயைத் திறக்கச் சொல்லி நான் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

எழுந்து நிற்கப் போனேன். கால் மரத்துப் போயிருந்தது. சாரம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மழை இன்னும் வரவில்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. எட்டு மணிக்கு வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது.

மறுநாள் விடிந்ததும் ஜயலத்தைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனேன். சாமான்களை எடுத்து வர வேண்டும் என்று ஹேமாவிடம் சொன்னேன். அவள் அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். அவளை நேராகப் பார்க்க முடியவில்லை, அதற்காகத்தான் போனேன்.

வெள்ளம் வேலிக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. கரையில் குவியல் இருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது. ஆனால் குவியல் இல்லை. அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன வட்ட மேடுகள், வரிசையாக. கழுவி முடித்துக் கூடையைக் கவிழ்த்தால் விழுகிற மாதிரி. அவ்வளவு மழைக்குப் பிறகும் ஒவ்வொன்றிலும் கூடையின் பின்னல் அச்சு தெளிவாகத் தெரிந்தது. இப்படி அச்சுக் கலையாமல் கவிழ்க்க எங்களில் ஒருவரால்தான் முடியும். மீதிக் குவியலைக் கழுவியதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே கழுவிக் கொட்டிய கழிவையும் யாரோ மறுபடி கழுவியிருந்தார்கள்.

"இதெல்லாம் யாரு கழுவினது?" என்று கேட்டான் ஜயலத்.

"நான்தான். நேத்து நீங்க போனப்புறம்" என்றேன்.

பொய். வாய் கூசாமல் சொன்னேன்.

கவிழ்த்த கூடை அதே இடத்தில் இருந்தது. பாறையில் சிரட்டை. அதன் மேல் ஒரு இலை போட்டு மூடியிருந்தது. ஜயலத் வாடிக்குள் போன நேரத்தில் இலையை எடுத்தேன்.

நீலம். சுண்டு விரல் நகம் அளவு.

வலியில் அவர் கூடை சாய்ந்தபோது கல் கழிவோடு போயிருக்கிறது. அது கூடையில்தான் இருந்தது, ஓடையில்தான் இருந்தது, அவர் வாயில் இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

உடலை வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்தோம். வெள்ளைத் துணி, வெள்ளைக் கொடி, வெள்ளைச் சட்டை. வாய் மட்டும் திறந்திருந்தது. உடலைத் தயார் செய்கிறவர் மூன்று தடவை மூடிப் பார்த்தாராம். தாடையைத் துணியால் கட்டினார்கள். காலையில் பார்த்தால் முடிச்சு அப்படியே இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. உடம்பு விறைத்தால் அப்படித்தான் என்று அவர் சொன்னார். சொல்லும்போது சவப்பெட்டியைப் பார்க்கவில்லை.

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கல்லை வாயில் ஒளித்தான், சமன் சாமி கொன்றுவிட்டது, அதனால்தான் வாய் மூடவில்லை என்று. மதியம் நடந்ததை ஜயலத் தன் மனைவியிடம் சொல்லியிருப்பான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? அந்தப் பேச்சுக்கு விதை போட்டவன் நான்.

பெட்டிக்குப் பக்கத்தில் பொடிநிலமேயின் மனைவி மெனிக்கே உட்கார்ந்திருந்தாள். "ஏன் தம்பி" என்று என்னைக் கேட்டாள். "இவரு ஏன் வாயை மூட மாட்டேங்குறாரு? என்ன காட்டுறாரு?"

எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடக்கத்துக்கு முன்னால் குடும்பத்தின் சார்பில் ஒருவர் எழுந்து பேச வேண்டும். நான்தான் பேசினேன். கல் என் இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தேன். வந்தவர்களுக்கு எல்லாம் நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் வாய் திறந்தபடியே இருக்க, பெட்டியை மூடினார்கள்.

மூன்று மாதம் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை ஹேமா பார்த்தாள். என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை. மூன்றாம் மாதத் தானத்துக்குப் பிக்குகள் வந்திருந்தார்கள், ஊரே வந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் நான் எழுந்தேன். வெற்றிலைக் கட்டின் மேல் அந்த நீலத்தை வைத்து, மெனிக்கேயின் முன்னால் முட்டி போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு நின்றது, நான் வாயைத் திறக்கச் சொன்னது, டார்ச் அடித்தது, உள்ளே ஒன்றும் இல்லாதது, கல் சிரட்டையில் கிடைத்தது. மடுவில் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

மெனிக்கே அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லன்னு பாத்தியே" என்றாள். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வெற்றிலையைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் கொல்லையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தோம், நானும் மார்ட்டினும். மார்ட்டின் அன்றைக்கு ஒரு கிண்டலும் பேசவில்லை.

"லீலே, நீ எல்லாம் சொன்னே. அந்த ராத்திரிய சொல்லலையே."

"என்ன ராத்திரி?"

"நான் திரும்பி வந்தப்ப ஏழு இருக்கும். வளைவுலயே நின்னுட்டேன். ரொம்ப நேரம் நின்னேன். கிட்ட வர பயமா இருந்துச்சு."

"நீயும் அவரைப் பாத்தியா?"

அவன் அண்டாவைக் கீழே வைத்தான்.

"அவரை எங்க பாத்தேன்? உன்னைத்தான் பாத்தேன். நீ இடுப்பளவு தண்ணியில நின்னு கழுவிட்டிருந்தே. நிலமே அண்ணனோட கூடைய வெச்சுக்கிட்டு. அவரு மாதிரியே, ஒரு கல்லு கூட வீணாகாம. அவரு குரல்ல பாடினே. மூணு அடி பாடி நிறுத்துவே. நிறுத்திட்டு, வாயத் திறந்து, விரலால கன்னத்த இழுத்து காட்டுவே. யாருக்கோ காட்டுற மாதிரி. அப்புறம் எதையோ எடுத்து சிரட்டையில போட்டு மூடினே. கரைக்கு வந்து கூடையக் கவுத்து வெச்சே. பக்கத்துல உக்காந்து கத்தினே."

நான் அன்று ஓடையில் இறங்கியது மதியம் மட்டும்தான். அதற்குப் பிறகு கரையை விட்டு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை.

"துக்கத்துல புத்தி பேதலிச்சிருக்கும்னு நினைச்சு ஓடி வந்தேன்" என்றான் மார்ட்டின். "கிட்ட வந்தப்புறம்தான் உறைச்சுது. அவரு செத்தது உனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் சொல்லவே இல்லையே."

இப்போது நான் ஓடைக்குப் போவதில்லை. ஊரில் அந்தப் பேச்சும் அடங்கிவிட்டது. ஆனால் இரவில் தூக்கத்தில் நான் பாடுகிறேனாம். மூன்று அடி பாடி நிறுத்துகிறேனாம். நாலாவது அடி வருமா என்று ஹேமா விழித்துக்கொண்டு காத்திருக்கிறாளாம். வருவதில்லை. இருட்டில் நான் எழுந்து உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து காட்டுகிறேனாம்.